ஆல்டூனாவில் ஒரு சனிக்கிழமை: ரயில் பிடித்தவளும் பேஸ்பால் பிடித்தவனும்

என் மனைவியின் நோட்டுப் புத்தகத்தில் அந்த நாளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. மணி, திசை, முன்னால் எத்தனை எஞ்சின், பின்னால் எத்தனை எஞ்சின், என்ன சரக்கு என்று ஐந்து கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். மொத்தம் ஒன்பது வரி. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், வேறு மையில், என் கையெழுத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் ஸ்கோர் கட்டங்கள். மழைத்துளி விழுந்து மூன்றாவது இன்னிங்ஸ் மட்டும் கலங்கிப் போயிருக்கிறது.

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பிட்ஸ்பர்க் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பி, இரவு பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது திரும்பினோம். போக வர 200 மைல் சொச்சம். ஊர் ஆல்டூனா, பென்சில்வேனியா. அந்த நாள் ஏன் நன்றாக அமைந்தது, எங்கே இடறியது என்பதை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. காரணம், அதற்கு முந்தைய வருடம் இதே நோக்கத்தோடு போன ஒரு பயணம் படுதோல்வி.

முந்தைய பயணம்

என் மனைவி பொன்மலைக்காரி. அவள் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலனி வீட்டில் சங்கு ஊதும் சத்தத்தில் எழுந்து, சங்கு ஊதும் சத்தத்தில் சாப்பிட்டு வளர்ந்தவள். ரயில் அவளுக்குப் பொழுதுபோக்கு இல்லை, ஊர் ஞாபகம். எனக்கு அப்படி எதுவும் கிடையாது. நான் அமெரிக்கா வந்து கிரிக்கெட் இல்லாத ஏக்கத்தில் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து, அப்புறம் பேஸ்பாலுக்காகவே பேஸ்பால் பார்ப்பவன்.

முந்தைய வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சரிபாதியாகப் பிரித்தோம். காலை ஒரு சுற்றுலா ரயில், மாலை ஒரு ஆட்டம். நேரக் கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ரயிலில் நான் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸில் அவள் தூங்கிவிட்டாள். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஒரே காரில் போய்விட்டுத் தனித்தனி நாளை வாழ்ந்துவிட்டு வந்திருந்தோம்.

அந்த மௌனம் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அதனால் இந்த முறை கேள்வியையே மாற்றிக்கொண்டோம். நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கிற ஊர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினோம். கூகுளில் ரொம்ப தூரம் போகவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு ஊர். அந்த ஊரின் பேஸ்பால் அணிக்குப் பெயரே ஒரு ரயில் பாதையின் வளைவு.

ஊர் பிறந்த விதம்

ஆல்டூனாவை உருவாக்கியது ரயில் கம்பெனி. 1849-ல் பென்சில்வேனியா ரயில்ரோடு அலெகெனி மலையடிவாரத்தில் நிலம் வாங்கி, மலை ஏறும் ரயில்களுக்கு எஞ்சின் மாற்றவும் பழுது பார்க்கவும் ஒரு ஒர்க்‌ஷாப் ஊரைக் கட்டியது. அது வளர்ந்து உலகத்தின் மிகப் பெரிய ரயில் பணிமனைகளில் ஒன்றானது. 6,000-க்கும் மேற்பட்ட எஞ்சின்கள் அங்கே பிறந்தன. 1930-ல் ஊரின் மக்கள்தொகை 82,054. 2020-ல் 43,963. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் ஊரின் கதை கிடக்கிறது: நீராவி போய் டீசல் வந்தது, லாரியும் நெடுஞ்சாலையும் வந்தன, கம்பெனி கை மாறிக் கை மாறிப் போனது. இன்று அந்தப் பாதை நார்ஃபோக் சதர்ன் வசம். ஜுனியாட்டா பணிமனை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதையெல்லாம் நான் காரில் படித்துக் காட்டியபோது அவள் சொன்னது ஒரே வரி: "நாகப்பட்டினத்திலிருந்து ஒர்க்‌ஷாப்பைத் தூக்கிட்டு வந்து பொன்மலையில வைச்ச மாதிரி." அது நடந்தது 1928-ல். ஊர் முதலில் வந்து ஒர்க்‌ஷாப் பிறகு வருவது ஒரு வகை. ஒர்க்‌ஷாப்புக்காகவே ஊர் வருவது வேறு வகை. அவளுக்கு அந்த இரண்டாவது வகை ஊரின் வாசனை தெரியும்.

மலை மேலே

22-ஆம் எண் சாலையில் எபென்ஸ்பர்க், கிரெசன் தாண்டியதும் முதல் நிறுத்தம் அலெகெனி போர்ட்டேஜ் ரயில்ரோடு நினைவிடம். இதைச் சேர்த்தது என் யோசனை. அணிக்குப் பெயர் தந்த குதிரை லாட வளைவை நேரே போய்ப் பார்த்தால் அது ஒரு அழகான காட்சியாக மட்டுமே இருந்துவிடும், அது எதற்கு விடை என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

1834-ல் பிலடெல்பியாவிலிருந்து பிட்ஸ்பர்க் போகக் கால்வாய் இருந்தது. ஆனால் நடுவில் மலை. கால்வாய் மலை ஏறாது. அதனால் படகையே வண்டியில் ஏற்றி, மலைச் சரிவில் கயிறு கட்டி இழுத்தார்கள். ஹாலிடேஸ்பர்க் முதல் ஜான்ஸ்டவுன் வரை 36 மைல், அதில் ஐந்து சரிவு ஏற, ஐந்து சரிவு இறங்க. ஒவ்வொரு சரிவின் உச்சியிலும் நகராத நீராவி எஞ்சின் ஒன்று கயிற்றைச் சுற்றும். ஆறாம் எண் சரிவின் தலையில் அந்த எஞ்சின் கொட்டகையின் மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சரிவை எட்டிப் பார்த்தால், படகோடு அதில் இறங்க எத்தனை தைரியம் வேண்டும் என்று புரியும். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று என் மனைவி கேட்டாள். முதலில் சணல் கயிறு, பிறகு ஜான் ரோப்லிங் செய்த இரும்புக் கம்பிக் கயிறு. பின்னாளில் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்தவர் அவர்தான்.

ஒரு மணி நேரம் அங்கே. அதன் பிறகு காலிட்சின். மலை உச்சியில் ரயில் குகைக்குள் நுழையும் சின்ன ஊர். குகை வாயிலை ஒட்டி ஒரு பூங்காவும், அதில் பழைய கார்டு வண்டி ஒன்றும் இருக்கின்றன. 1854-ல் வெட்டிய குகையை 1995-ல் பெரிதாக்கி இரண்டு பாதை போட்டிருக்கிறார்கள். சரக்குப் பெட்டகங்களை இரண்டு அடுக்காக ஏற்றிப் போகும் அளவுக்கு உயரம் வேண்டுமே.

இங்கேதான் முதல் சிக்கல். ஐம்பது நிமிடம் நின்றோம். ஒரு ரயில்கூட வரவில்லை.

முந்தைய வருடமாக இருந்தால் பதினைந்தாவது நிமிடத்தில் "போகலாமா" என்று கேட்டிருப்பேன். இந்த முறை அவள் சிக்னலைக் காட்டினாள். பச்சை விழுந்தால் எவ்வளவு நேரத்தில் வண்டி வரலாம், தண்டவாளத்தின் மேல்பகுதி எந்தப் பாதையில் அதிகம் பளபளக்கிறது, அதை வைத்து எதில் போக்குவரத்து கூடுதல் என்று எப்படிச் சொல்வது எல்லாம் சொல்லித் தந்தாள். ஐம்பது நிமிடத்தில் ஐம்பது விஷயம். கடைசியில் காலுக்குக் கீழே ஒரு அதிர்வு முதலில் வந்தது. குகைக்குள்ளிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்தது. டீசல் வாசனை, ஈர மண் வாசனை. அப்புறம்தான் விளக்கு. நோட்டில் முதல் வரி: மேற்கு, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, பெட்டகம்.

"பின்னாடி ரெண்டு எதுக்கு?" என்றேன்.

"பேங்கர்" என்றாள். நம் ஊர் ரயில்வேயில் அதற்கு அதுதான் பெயர். மலை ஏறும் ரயிலைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளும் எஞ்சின். இங்கே ஹெல்ப்பர் என்கிறார்கள். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது பிடித்து நிறுத்தும். உச்சியில் வேலை முடிந்ததும் கழன்றுகொண்டு, அடுத்த ரயிலுக்காகத் தனியாகக் கீழே இறங்கும். அந்த இரண்டு எஞ்சினையும் அன்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

வளைவு

காலிட்சினிலிருந்து காட்டு வழியாக இறங்கினால் குதிரை லாட வளைவு. நுழைவாயில் கீழே, தண்டவாளம் மேலே. 194 படி ஏறலாம், அல்லது சரிவில் கயிற்றில் ஓடும் சின்னப் பெட்டியில் போகலாம். காலையில் கயிற்றால் இழுத்த படகுகளைப் பற்றிப் பார்த்துவிட்டு வந்ததால் நாங்கள் பெட்டியிலேயே ஏறினோம். அதே தத்துவம்தான்.

இந்த வளைவை எழுத்தில் கொண்டுவருவது கடினம், ஆனாலும் முயல்கிறேன். ஒரு பள்ளத்தாக்கு. அதன் இரண்டு கரைகளும் செங்குத்து. ரயில் நேராக ஏற முடியாது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். தலைமைப் பொறியாளர் ஜே. எட்கர் தாம்சன் செய்தது என்னவென்றால், பாதையைப் பள்ளத்தாக்கின் ஒரு கரையோடு கூட்டிப் போய், உள்ளே இருந்த இரண்டு ஓடைப் பள்ளங்களை மண் கொட்டி நிரப்பி, நடுவில் நீட்டிக்கொண்டிருந்த குன்றின் மூக்கை வெட்டி, அப்படியே சுற்றி எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்விட்டார். ஏற்றத்தை நீளமாக மாற்றிவிட்டார். 2,375 அடி நீளம், சுமார் 1,300 அடி விட்டம், மொத்தத் திருப்பம் 220 பாகை. 100 அடி ஓடினால் இரண்டடிக்கும் குறைவான ஏற்றம். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள், கடப்பாரை, மண்வெட்டி, குதிரை, வெடிமருந்து இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்த வேலை இது. 1854 பிப்ரவரி 15-ல் திறந்தார்கள். அதோடு கயிறு இழுக்கும் பாதைக்கு வேலை போயிற்று. கால்வாயும் கயிறுமாக நான்கு நாள் பிடித்த பயணம் ஒரு நாளுக்குள் சுருங்கிவிட்டது.

ஊட்டி ரயிலோடு அவள் ஒப்பிட்டுச் சொன்னபோதுதான் எனக்கு முழுசாகப் பிடிபட்டது. அங்கே பற்சக்கரப் பகுதியில் 12 அடிக்கு ஓரடி ஏற்றம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. இங்கே பல்லே தேவையில்லை, சுற்றிப் போய்விடுகிறது. மலைக்கு இரண்டு விதமான மரியாதை.

இரண்டு மணி இருபது நிமிடம் அங்கே உட்கார்ந்தோம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம், புல்தரையில் வைத்துச் சாப்பிட்டோம். ஐந்து ரயில். அதில் இரண்டாவதைச் சொல்ல வேண்டும். மேற்கு நோக்கி ஏறும் நீண்ட சரக்கு ரயில். எஞ்சின் எங்களைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டது. ஆனால் வால் இன்னும் இந்தக் கரைக்கே வரவில்லை. இடது கைப்பக்கமும் ரயில், வலது கைப்பக்கமும் அதே ரயில், எதிரெதிர்த் திசையில் ஓடுகிற மாதிரி. சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசிக் கீச்சிடும் சத்தம் கிண்ணம் போன்ற அந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அது முடிவதற்குள் இறக்கத்தில் இன்னொரு ரயில் வந்து நடுவில் கடந்தது. பக்கத்தில் ஒரு தாத்தா பேரனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். என் மனைவி எழுதுவதை நிறுத்திவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "அப்பா பார்த்திருக்கணும்" என்றாள்.

நான் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி நாலாவது வரியை நானே எழுதினேன். கிழக்கு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நிலக்கரி.

இடையில் ஒரு செய்தி: இரண்டாம் உலகப் போரில் இந்த வளைவு ஹிட்லரின் நாசவேலைப் பட்டியலில் இருந்தது. 1942 ஜூனில் எட்டுப் பேர் நீர்மூழ்கிக் கப்பல்களில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவரே சரணடைந்து எல்லாவற்றையும் சொல்லிவிட, வளைவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆறு பேருக்கு அந்த ஆகஸ்டிலேயே மரண தண்டனை. பிட்ஸ்பர்க்கின் எஃகு கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்குப் போன முக்கிய வழி இது. குறிவைத்ததில் ஆச்சரியம் இல்லை.

விட்டுக்கொடுத்த ஒன்று

இங்கேதான் நாங்கள் எடுக்க வேண்டியிருந்த ஒரே கடினமான முடிவு. நியூயார்க்கிலிருந்து பிட்ஸ்பர்க் போகும் பென்சில்வேனியன் பயணிகள் ரயில், அப்போது ஒரு நாளைக்குத் திசைக்கு ஒன்றுதான். மேற்கு நோக்கிப் போவது ஆல்டூனாவுக்கு மாலை ஐந்து மணியளவில் வரும். அதைப் பார்க்கச் சரியான இடம் வளைவு. ஆனால் ஆட்டம் ஆறு மணிக்கு, மைதானமோ ஊரின் மறுகோடியில். வளைவில் காத்திருந்தால் முதல் இன்னிங்ஸ் போய்விடும். அதோடு ஊருக்குள் இருக்கும் ரயில்வே தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் பார்க்க முடியாது.

அவளே முடிவெடுத்தாள்: அருங்காட்சியகம், பிறகு ஸ்டேஷனில் பென்சில்வேனியன், பிறகு ஆட்டம். வளைவில் பயணிகள் ரயில் பார்ப்பது போச்சு. ஆசைப்பட்ட ஒன்றை விட்டாள் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அடுத்த முறை அதற்கென்றே ஒரு நாள் போக வேண்டும்.

ஆனால் அருங்காட்சியகம் அந்த இழப்பை ஈடுகட்டிவிட்டது. 1882-ல் கட்டிய மாஸ்டர் மெக்கானிக்ஸ் கட்டடத்தில் இருக்கிறது. எஞ்சின்களைக் காட்டிவிட்டுத் தொழிலாளியை மறக்கும் காட்சிசாலைகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி இல்லை. கொல்லன், வார்ப்பாலை ஆள், சோதனைக்கூடத்துப் பெண்கள், அவர்கள் குடித்த பார், படுத்த வீடு வரைக்கும் இருக்கிறது. என் மனைவி ஒரு ஃபிட்டரின் கருவிப் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றாள். ஸ்பேனர்கள் அளவு வாரியாக, பிடி தேய்ந்து கை வடிவத்துக்கு வந்திருந்தன. "எங்க வீட்டுப் பரண்ல இதே மாதிரி ஒண்ணு இருக்கு" என்றாள்.

1361 என்ற எண் கொண்ட கே4 நீராவி எஞ்சினின் கதையும் அங்கே தெரியவந்தது. 1918-ல் இதே ஊரில் செய்தது. 1957 முதல் 1985 வரை வளைவில் காட்சிக்கு நின்றது. 1987-ல் மறுபடி ஓட வைத்தார்கள், அடுத்த வருடமே பழுதாகி நின்றது. அதை மீண்டும் ஓட்டிக்காட்டும் முயற்சி இன்னும் விடவில்லை. ஊட்டி ரயிலுக்குப் பொன்மலையில் புதிதாக நீராவி எஞ்சின் செய்து அனுப்பியதைப் பற்றி அவள் அங்கிருந்த தன்னார்வலரிடம் சொன்னாள். அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார், அப்புறம் ஒரு தாளில் பொன்மலை என்ற பெயரை எழுதி வாங்கிக்கொண்டார்.

ஸ்டேஷன் நடைபாலத்தில் நின்று ஒரு சரக்கு ரயிலையும், பிறகு பென்சில்வேனியனையும் பார்த்தோம். நோட்டில் ஏழாவது, எட்டாவது வரிகள். ஆறேழு பேர் இறங்கினார்கள், ஒரு பெண் ஓடிப்போய் ஒரு வயதானவரைக் கட்டிக்கொண்டாள், ரயில் மலைக்குக் கிளம்பிவிட்டது.

மைதானம்

இப்போது என் முறை. நான் பயந்தது இந்தப் பகுதிக்குத்தான். காலையிலிருந்து அவள் எனக்கு ஊட்டிய அளவுக்கு நான் அவளுக்குத் திருப்பித் தர முடியுமா?

ஆல்டூனா கர்வ் அணி 1999-ல் பிறந்தது. டபுள்-ஏ நிலை, அதாவது மேஜர் லீக் என்கிற பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே. ஆடுவது ஈஸ்டர்ன் லீக்கில், தாய்க்கழகம் பெரிய லீக்கின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். பெயர் குதிரை லாட வளைவிலிருந்து வந்தது. கூடவே வளைந்து விழும் பந்துக்கும் பேஸ்பாலில் கர்வ் என்றுதான் பெயர். மைதானத்தில் சுமார் 7,200 பேர் உட்காரலாம். வலது பக்க வேலிக்குப் பின்னால் லேக்மான்ட் பூங்காவின் மர ரோலர் கோஸ்டர் எழுந்து நின்றது. அதே பூங்காவில் இன்னொன்று, 1902-ல் கட்டியது. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் ரோலர் கோஸ்டர்களிலேயே மிகப் பழையது. ஒரு பந்து உயர எழும்பும்போது பின்னணியில் மலையும் கோஸ்டரின் மரச்சட்டங்களும் தெரிவது, பெரிய லீக்கின் பல மைதானங்களில் கிடைக்காத அழகு.

முதல் இரண்டு இன்னிங்ஸில் விதிகளைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், ஆனால் கண்ணில் பழைய தூக்கம் எட்டிப் பார்த்தது. மூன்றாவது இன்னிங்ஸில் மழை. மைதான ஊழியர்கள் இருபது பேர் போலப் பெரிய உருளையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, தார்ப்பாயை விரித்து, காற்றில் அது எழும்பாமல் விளிம்பில் மணல் மூட்டைகளை வைத்தார்கள். நாங்கள் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். நாற்பத்தைந்து நிமிடம்.

அந்த மழைதான் நாளைத் தூக்கி நிறுத்தியது. செய்ய வேறு எதுவும் இல்லாததால் விதிகளை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பெரிய லீக்கில் 30 அணி. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படி, ஆக 120 மைனர் லீக் அணிகள். 2020 வரை 160 இருந்தன, 2021-ல் வெட்டிவிட்டார்கள், எத்தனையோ சின்ன ஊர்கள் அணியை இழந்தன, ஆல்டூனா தப்பியது. இங்கே விளையாடுகிறவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. ஊர் ஊராகப் பேருந்தில் போவார்கள். டபுள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 13,800 டாலராக இருந்தது; அந்த வருடம்தான் முதன்முதலாகச் சங்கம் பேசி 30,250 ஆக்கியது. பெரும்பாலானவர்கள் மேலே போகவே மாட்டார்கள். போகிறவர் போனால் ஆண்ட்ரூ மெக்கட்சன் மாதிரி போவார். இங்கே ஆடியவர், 2013-ல் பெரிய லீக்கின் ஒரு பாதியான நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ இவங்க ஆக்ட் அப்ரண்டிஸ் பசங்களா?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவளே சொன்னாள். ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்கு எடுப்பார்கள். உதவித்தொகை கொஞ்சம்தான் கொடுப்பார்கள். முடித்தால் வேலை நிச்சயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வருடக்கணக்காக இரும்பை ராவிக்கொண்டே இருப்பார்கள், மேஸ்திரி ஒரு நாள் பார்த்து "இவன் தேறுவான்" என்று சொல்ல மாட்டாரா என்று. அவள் அப்பா அப்படி வந்தவர். அவரோடு சேர்ந்த நண்பர் ஒருவர் வேலை கிடைக்காமல் ஆட்டோ ஓட்டினார், கடைசி வரைக்கும்.

"ஆமா," என்றேன், "அப்படியேதான்."

மழை விட்டு ஆட்டம் மறுபடி தொடங்கியபோது அவள் பார்த்த விதமே வேறு. யார் எந்த வருடம் சேர்ந்தார், மேலே போக யாருக்கு வாய்ப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாம் தளத்தில், அதாவது செகண்ட் பேஸில், ஒரு பையன் தரையோடு வந்த பந்தைத் தவறவிட்டான். அடுத்த பந்துக்கு முன் கையுறையை இரண்டு முறை தொடையில் அடித்துக்கொண்டான். சற்று நேரத்தில் அதே மாதிரி இன்னொரு பந்து அவனிடமே வந்தது. பிடித்து எறிந்தான். ஆட்டத்தில் அது பெரிய விஷயமே இல்லை, கைதட்டியவர்கள் குறைவு. என் மனைவி எழுந்து நின்று தட்டினாள்.

இங்கே தொழில்நுட்பமான ஒரு விஷயம், பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு உபயோகப்படும். மைனர் லீக்கில் 2022 முதல் பந்து எறியும் நேரக்கெடுவை இறுக்கிவிட்டார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் சுமார் 25 நிமிடம் குறைந்தது. மழையில் முக்கால் மணி நேரம் போயும் ஒன்பதேகாலுக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. பழைய வேகத்தில் இருந்திருந்தால் ஏழாவது இன்னிங்ஸிலேயே கிளம்பியிருப்போம். கடைசிவரை இருக்க முடிந்தது அந்தக் கடிகாரத்தால்.

கணக்கு

வீட்டுக்கு வந்து நோட்டை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். பதினாறேகால் மணி நேரத்தில் கார் ஓட்டியது ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது வரிகளுக்கும் சேர்த்து ரயில் கண் முன்னால் ஓடியது அரை மணி நேரம் இருக்கலாம். ஆட்டத்தில் பந்து நிஜமாகவே உயிரோடு இருந்த நேரம் அதைவிடக் குறைவு. மீதி எல்லாம் காத்திருப்பு. முந்தைய வருடமும் காத்திருப்பு இதே அளவுதான் இருந்தது. அன்று அதைச் செல்பேசியிலும் தூக்கத்திலும் செலவழித்தோம், இந்த முறை ஒருவருக்கொருவர் சொல்லித் தருவதில் செலவழித்தோம். வித்தியாசம் என்று தேடினால் எனக்கு அகப்படுவது இதுதான். ஒரு வேலையை முந்தைய நாளே முடிவு செய்திருந்தோம்: காலையில் அவள் வாத்தியார், நான் மாணவன், ஐந்தரைக்கு மேல் மாறிக்கொள்வது. கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் மாணவனாக இருப்பவர் சலித்துக்கொள்ளக் கூடாது என்ற கட்டாயம் அதில் இருந்தது.

தவறுகளும் உண்டு. போர்ட்டேஜில் செலவழித்த ஒரு மணி நேரம் அதிகம். அரை மணி நேரம் குறைத்திருந்தால் அருங்காட்சியகத்தின் எஞ்சின் கொட்டகையை நிதானமாகப் பார்த்திருக்கலாம். மழைச்சட்டை எடுத்துப் போகவில்லை, ஜூலை மாத மலைப்பகுதியில் அது மடத்தனம். அந்த இரவில் ஊரிலேயே ஒரு அறை எடுத்திருக்க வேண்டும். பதினான்கு மணி நேரம் விழித்திருந்துவிட்டு, மான் குறுக்கிடும் மலைச்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுவது சரியில்லை. இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் பால் ஸ்கீன்ஸ் என்ற இளைஞர் ஆல்டூனாவுக்காகப் பந்து எறிந்தார். பெரிய லீக் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் அந்த வருட டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். 2024-ல் நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம். நாங்கள் ஒரு மாதம் முந்திப் போய்விட்டோம். செய்தியை அவளிடம் காட்டினேன். "அந்த ரெண்டாம் தளத்துப் பையன் என்ன ஆனான்னு பாருங்க" என்றாள்.

திரும்பும் வழியில் கண் சொருகியதால் கிரெசனில் காரை நிறுத்தினோம். அங்கே தண்டவாளத்தை ஒட்டி ரயில் பார்க்க ஒரு மேடை உண்டு. மணி ஒன்பதே முக்கால். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக்கொண்டோம். எதிரே இரண்டு எஞ்சின்கள், பெட்டி எதுவும் இல்லாமல், சன்னமாக உறுமிக்கொண்டு நின்றன. யாரையோ உச்சி வரை தள்ளிவிட்டுவிட்டு வந்தவை. சிக்னல் மாறியது, மெதுவாகக் கிழக்கே நகர்ந்தன, மறுபடி மலை இறங்க.

காரின் உள்விளக்கைப் போட்டு அவள் ஒன்பதாவது வரியை எழுதினாள். கிழக்கு. லைட் எஞ்சின், இரண்டு. சரக்குக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டாள். அப்புறம் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க தூங்குங்க, நான் ஓட்டுறேன்" என்றாள். நான் தூங்கவில்லை. வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம்.